இரண்டு வட்டங்களும் ஒரு வசவும்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் நாள், மருத்துவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் ஒரு தலையை வரைந்தார். பக்கவாட்டில் தெரியும் தலை. அவசரத்தில் மூக்கு மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. உள்ளே நெற்றிப் பக்கம் ஒரு வட்டம், காதுக்கு மேலே சற்றுப் பின்னால் இன்னொரு வட்டம், இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. "இது பேசுற இடம், இது புரிஞ்சுக்கிற இடம். இவருக்கு இது போயிடுச்சு" என்று முதல் வட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டார். அவ்வளவுதான். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். பெரியப்பா இடது கையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணியா, தலையணையா, மின்விசிறியைக் குறைக்கணுமா என்று பெரியம்மா ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அவர் தலையை ஆட்டி மறுக்கிறார், வாயைத் திறக்கிறார், "அ... அது... அ..." என்பதற்கு மேல் நகரவில்லை. நான்காவது முறையாகப் பெரியம்மா போர்வையை இழுத்துப் போர்த்தியதும், "அட போடி!" என்றார். தெள்ளத்தெளிவாக. ஐம்பது வருஷத்து எரிச்சல் அதே ஏற்ற இறக்கத்தோடு வந்து விழுந்தது.

எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான். அப்புறம் பெரியம்மா அழுதார்.

பேசுகிற இடம் போய்விட்டது என்றால் அந்த "போடி" எங்கிருந்து வந்தது? அன்றைக்கு இதைக் கேட்க ஆள் இல்லை. பிறகு நானாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மொழி உடம்பில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மனிதர்கள் சொல்லிவந்த பதில்களின் வரலாறு இவ்வளவு சுவாரசியமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அதைவிட, என் கேள்வியை 150 வருஷத்துக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டுப் போயிருப்பார் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

முதலில் நெஞ்சுதான். உண்மையைச் சொல்கிறேன் என்று யாராவது சொல்லும்போது கை எங்கே போகிறது என்று பாருங்கள், நெற்றிக்குப் போகாது. "நெஞ்சறிய" என்கிறோம், "நெஞ்சில் பதிந்தது" என்கிறோம். தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்றுதான் தொடங்குகிறது. கொப்பூழில் கிளம்பிய காற்று தலை, மிடறு, நெஞ்சு மூன்றிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று பட்டு எழுத்தாகிறது. தலை பட்டியலில் இருக்கிறது, ஆனால் காற்று தங்கிப்போகும் இடமாகத்தான். இன்றைய ஒலியியல் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாலும் பெரிதாகக் கூச்சப்பட வேண்டியதில்லாத வருணனை அது. அதை எழுதியவருக்கு வேண்டியது ஒலி பிறக்கும் வழி. சொல்லைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதல்ல.

கிரேக்கத்து ஸ்டோயிக் சிந்தனையாளர்களுக்கு இந்த இரண்டும் குழம்பிவிட்டன. குரல் நெஞ்சிலிருந்து வருகிறது, பேச்சு சிந்தனையிலிருந்து வருகிறது, ஆகவே சிந்தனையும் நெஞ்சில்தான் இருக்கிறது என்று வாதாடினார்கள். அரிஸ்டாட்டிலுக்கு மூளை என்பது இதயத்தின் சூட்டைத் தணிக்கும் உறுப்பு. எகிப்தியர்கள் பிணத்தைப் பதப்படுத்தும்போது இதயத்தைப் பத்திரமாக விட்டுவிட்டு மூளையை எடுத்து எறிந்தார்கள். இத்தனைக்கும் கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட ஒரு எகிப்திய மருத்துவச் சுருளில், நெற்றிப்பொட்டில் அடிபட்டு எலும்பு உடைந்த ஒருவன் பேச்சற்றுப் போனதாகக் குறிப்பு இருக்கிறது. கண்ணால் பார்த்த வைத்தியர் எழுதி வைத்தார். அதை வைத்து யாரும் கொள்கை கட்டவில்லை.

நெஞ்சுக் கட்சியை உடைத்தவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த மருத்துவர் காலென். செய்முறை கொடூரமானது. உயிருள்ள பன்றியைக் கட்டிப்போட்டுக் கூட்டத்தின் முன்னால் அறுத்தார். பன்றி அலறிக்கொண்டிருக்கும். குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்பு ஒன்றைத் தேடிப் பிடித்து அவர் துண்டித்ததும் அலறல் சட்டென்று நிற்கும். பன்றி துடித்துக்கொண்டேதான் இருக்கும், மூச்சு வரும், சத்தம் மட்டும் வராது. அந்த நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, குரல்வளையைத் தாண்டி நெஞ்சுவரை இறங்கி, வளைந்து திரும்பி மேலே வருகிறது. குரல் நெஞ்சு வழியாக வரலாம், கட்டளை தலையிலிருந்து வருகிறது என்று காட்டியாயிற்று.

அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் மூளையின் சதையை விட்டுவிட்டு அதன் நடுவில் இருக்கும் நீர் நிறைந்த அறைகளையே பிடித்துக்கொண்டார்கள். முன்னறையில் கற்பனை, நடு அறையில் பகுத்தறிவு, பின்னறையில் நினைவு. பேச்சுக்குத் தனி அறை கிடையாது. அதனால் ஒருவருக்குச் சொல் வராமல் போனால், ஞாபக அறையில் கோளாறு என்று முடித்துக்கொண்டார்கள்.

சொல் போவதும் புத்தி போவதும் ஒன்றல்ல என்பதை உள்ளேயிருந்தே சோதித்துப் பார்த்தவர் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன். 1783 ஜூன் மாதம், அவருக்கு 73 வயது. நடு இரவில் விழித்தபோது தலையில் ஒரு குழப்பம். புத்தி போய்விடக் கூடாதே என்று பயந்து, அது இருக்கிறதா என்று பார்க்க லத்தீனில் ஒரு பிரார்த்தனையைச் செய்யுளாகக் கட்டினார். செய்யுள் அவ்வளவு நன்றாக வரவில்லை. நன்றாக வரவில்லை என்று தெரிகிறதே, அப்படியானால் புத்தி இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். அதன் பிறகு பேச முயன்றால் வாய் வரவில்லை. காலையில் சீட்டு எழுத உட்கார்ந்தால் கை ஏனோ தப்பெழுத்துகளாகப் போட்டது. தன் மூளைக்குத் தானே தேர்வு வைத்து, மட்டமான செய்யுளால் தேறிய ஆசாமி! எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இரவு அதுதான்.

மொழிக்கு மூளையில் தனி இடம் ஒன்றைத் துணிந்து சொன்ன ஆள், பாதி விஞ்ஞானி, பாதி குறிசொல்லி. ஃபிரான்ஸ் யோசஃப் கால். (பெயர் கால், ஆராய்ந்தது தலை.) பள்ளியில் தன்னைவிட நன்றாக மனப்பாடம் செய்த பையன்களுக்கெல்லாம் கண் புடைத்திருந்ததாம். ஆகவே சொற்களின் நினைவு கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது, அது பருத்துக் கண்ணை வெளியே தள்ளுகிறது என்றார். பிறகு மொத்தம் 27 திறமைகளுக்கு மண்டையில் இடம் ஒதுக்கினார். மண்டை மேட்டைத் தடவிக் குணம் சொல்லும் கபாலவியல் இப்படிப் பிறந்தது. காரணம் அபத்தம், ஆனால் பேச்சு மூளையின் முன்பக்கத்தில் என்ற ஊகம் மட்டும் நிலைத்துவிட்டது. பாரிஸில் புய்யோ என்ற மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முன்மடல்களும் (நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிகள்) ஆழமாகச் சேதமாகியும் பேச்சு கெடாத ஒருவரைக் காட்டுபவருக்கு 500 ஃபிராங்க் என்று 1848இல் பந்தயமே கட்டினார். 1861இல் அவருடைய மருமகன் ஓபெர்த்தேன் அதே வாதத்தை மானுடவியல் சங்கத்தில் நடத்திக்கொண்டிருந்தபோதுதான், சங்கத்தை நிறுவிய பால் புரோக்காவின் அறுவை சிகிச்சை வார்டுக்கு அழுகிய காலோடு லெபோர்ன் என்ற நோயாளி வந்து சேர்ந்தார்.

வயது 51. பிசெத்ர் மருத்துவமனையில் 21 வருஷமாக இருக்கிறார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. (நமக்கு அது அருமையான சொல். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வெறும் ஒலி, உச்சரிப்பும் மூக்கால்தான்.) கேட்பதெல்லாம் புரியும். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்றால் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரல் நீட்டுவார். இருபத்தொன்று. கணக்கு சரி. ஏப்ரல் 17 அன்று இறந்தார். மறுநாளே புரோக்கா அவர் மூளையைச் சங்கத்தில் வைத்தார். இடது முன்மடலில், மூன்றாம் மடிப்பில், குழி.

சில மாதங்களில் இன்னொருவர் கிடைத்தார், 84 வயது லெலோங். அவரிடம் மிஞ்சியவை ஐந்து சொற்கள்: ஆமாம், இல்லை, எப்போதும், மூன்று, அப்புறம் பாதி உடைந்த தன் பெயர். எந்த எண்ணானாலும் "மூன்று"தான். எத்தனை பிள்ளைகள் என்றால் "மூன்று" என்று சொல்லிவிட்டு நான்கு விரலைக் காட்டுவார். அவருக்கு நான்கு பிள்ளைகள்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெரியப்பாவிடம் காலையில் எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டால் பதில் வராது. நாக்கு உள்ளே எதையோ தேடுவது கன்னத்தில் தெரியும். பிறகு விரல் ஒவ்வொன்றாக மடக்கி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வரிசையாக ஏறி, நாலில் நிறுத்தி அழுத்தமாகத் தலையாட்டுவார். நான்கைத் தனியாகப் பிடுங்க முடியாது, ஒன்றிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "கிழமையும் அப்படித்தான் வரும் பாருங்க" என்றார். அப்படித்தான் வந்தது.

புரோக்கா இரண்டு வருஷத்துக்குள் மேலும் சிலரைப் பார்த்தார். சேதம் எல்லாமே இடது பக்கம். அவருக்கே அது நம்புவதற்குச் சங்கடமாக இருந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாதிகளில் ஒன்று மட்டும் எப்படிப் பேசும்? 1865இல், நாம் இடது பாதியால் பேசுகிறோம் என்று எழுதினார். தெற்கு பிரான்சில் மார்க் தாக்ஸ் என்ற சிற்றூர் மருத்துவர் 40க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து இதையே 1836இல் எழுதி வைத்துவிட்டு இறந்திருந்தார். மகன் அதைத் தூசி தட்டி அனுப்ப, அதுவும் 1865இல்தான் அச்சானது. யார் முதலில் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. எனக்கு அதில் அக்கறை இல்லை.

அக்கறை வேறொன்றில். லெபோர்ன் தன் சைகை யாருக்கும் புரியாதபோது கோபத்தில் ஒரு முழு வசவைக் கடவுள் பெயரோடு சேர்த்துத் திட்டுவார் என்று புரோக்காவே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டார். குழி எங்கே இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. வசவு எப்படித் தப்பித்தது என்பது அல்ல.

இரண்டாம் வட்டம் 1874இல் வந்தது. ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கேவுக்கு அப்போது 26 வயது. அவர் கண்ட நோயாளிகள் சரளமாகப் பேசினார்கள், ஆனால் பேச்சில் பொருளில்லை. பிறர் சொல்வதும் ஏறவில்லை. சேதம் இருந்தது காதை ஒட்டிய மடலில். கேட்ட சொற்களின் ஒலிப்படங்கள் பின்னால், வாயை அசைக்கும் படங்கள் முன்னால், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு நரம்பு நார்க்கட்டு என்று அவர் ஒரு திட்டம் வரைந்தார். அதன் அழகு, நடுக்கம்பி மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது: பேச்சும் புரிதலும் பெரும்பாலும் சரியாக இருக்கும், சொன்னதைத் திருப்பிச் சொல்வது மட்டும் தடுமாறும். அப்படிப்பட்டவர்கள் பிறகு கண்டுபிடிக்கப்பட்டார்கள். தந்திக் கம்பிகள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த காலம். மூளையும் தந்தி அலுவலகம் போலத் தெரிந்ததில் வியப்பில்லை. 1885இல் லிக்ட்ஹைம் என்ற இன்னொரு மருத்துவர் மேலே மூன்றாவதாக, பொருளுக்கென்று ஒரு புள்ளி வைத்து, படத்தை வீடு மாதிரி ஆக்கினார். அந்த மூன்றாம் புள்ளி மூளையில் எங்கே என்று அவரால் காட்ட முடியவில்லை. காகிதத்தில் வைக்க இடம் இருந்தது, வைத்தார். எங்கள் மருத்துவர் சீட்டின் பின்னால் வரைந்தது இந்த வீட்டின் கீழ்த்தளம்தான்.

அப்புறம் ஹியூலிங்ஸ் ஜாக்சன். லண்டன் நரம்பு மருத்துவர். எழுத்து நடை கடினம், அதனாலேயே பலர் படிக்காமல் விட்டார்கள். வசவைப் பார்த்து நின்றவர் இவர்தான். பேச்சிழந்தவர்கள் திட்டுகிறார்கள், எண்ணுகிறார்கள், பழகிய பாட்டை முணுமுணுக்கிறார்கள், எதிர்பாராத நேரத்தில் ஆமாம் இல்லை என்கிறார்கள். ஆனால் ஒன்றைப் பற்றி ஒன்றைச் சொல்வதற்காகப் புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்ட அவர்களால் முடிவதில்லை. அவர் கணக்கில் பேசுவது என்றால் கட்டுவதுதான். வசவு கட்டப்படுவதில்லை, அது முழுதாகவே கிடக்கிறது, உணர்ச்சி அதைத் தள்ளிவிடுகிறது. இந்தத் தானாக வரும் பேச்சு வலது பாதியின் வேலையாக இருக்கலாம் என்று நினைத்தார். அவர் சேகரித்த நோயாளிகளில் ஒரு ரயில்வே சிக்னல்காரர் "என் பக்கம் வா" என்ற ஒரே தொடரைத்தான் சொல்வார். ஒரு எழுத்தருக்கு மிஞ்சியது "பட்டியல் முடிந்தது". மூளை அடிபட்ட அந்தக் கணத்தில் வாயில் இருந்த சொற்கள் அப்படியே உறைந்துவிட்டன என்று ஜாக்சன் கருதினார்.

பேச்சை அழிக்கும் சேதத்தின் இடத்தைக் காட்டுவது வேறு, பேச்சின் இடத்தைக் காட்டுவது வேறு என்றும் எழுதினார். வெர்னிக்கேவின் புத்தகம் வந்த அதே 1874இல். விசையை உடைத்தால் விளக்கு அணையும், அதற்காக வெளிச்சம் விசைக்குள் இருந்தது என்று யாராவது சொல்வார்களா? இந்த உதாரணம் என்னுடையது, ஜாக்சனுடையது அல்ல.

கேட்டவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர் 35 வயது நரம்பு மருத்துவர், கனவுகளுக்கு இன்னும் வந்து சேராத சிக்மண்ட் ஃபிராய்டு. 1891இல் பேச்சிழப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி லிக்ட்ஹைமின் வீட்டைப் பிரித்துப் போட்டார். நூல் விற்கவில்லை. 1906இல் பியர் மரி என்ற நரம்பு மருத்துவர், புரோக்காவின் அந்த மூன்றாம் மடிப்புக்கு மொழியில் தனிப் பங்கு எதுவுமே இல்லை என்று அறிவித்துப் பாரிஸில் பெரிய ரகளை கிளப்பினார். அது மிகை. ஆனாலும் வட்டங்கள் பாடப்புத்தகத்தை விட்டுப் போகவில்லை. படம் வரைய எளிது, தேர்வில் கேட்க எளிது.

லெபோர்னின் மூளையைப் புரோக்கா அறுக்காமல் முழுதாகப் பாதுகாத்திருந்தார். அந்த ஒரு தீர்மானத்துக்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம். 2007இல் டிரொங்கர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் லெபோர்ன், லெலோங் இருவரின் மூளைகளையும் எம்ஆர்ஐயில் வைத்துப் பார்த்தார்கள். சேதம் மேற்பரப்பு மடிப்போடு நிற்கவில்லை. உள்ளே ஆழமாக இறங்கி, முன்னையும் பின்னையும் இணைக்கும் நார்க்கட்டுவரை போயிருந்தது. லெலோங்கின் மூளையிலோ இன்று "புரோக்கா பகுதி" என்கிறோமே, அதன் பின்பாதிதான் கெட்டிருந்தது. லெபோர்னின் வாழ்க்கையே 2013இல்தான் வெளிவந்தது: முழுப் பெயர் லூயி விக்தோர் லெபோர்ன், தந்தை பள்ளி ஆசிரியர், இவர் செருப்புத் தைப்பவர்களுக்கான மர அச்சுகள் செய்யும் தொழிலாளி, இளமையிலிருந்தே வலிப்பு நோய். ஒன்றரை நூற்றாண்டாக "தான்" என்றே அழைத்திருக்கிறோம், பாவம்.

இருபதாம் நூற்றாண்டில் உயிரோடு இருக்கும் மூளையிடமே கேட்க முடிந்தது. மான்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளை விழிப்பிலேயே வைத்து மண்டையைத் திறந்து (மூளைக்கு வலி தெரியாது) மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். ஒருவரிடம் பட்டாம்பூச்சிப் படத்தைக் காட்டியபோது சொல் வரவில்லை, விரலைச் சொடுக்குகிறார், திணறுகிறார். மின்முனையை எடுத்ததும், "பட்டாம்பூச்சி! அந்தச் சொல் வரவில்லை, சரி அந்துப்பூச்சி என்று சொல்லலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை" என்கிற பொருளில் கொட்டினார். சொல் இல்லாத அந்த நொடிகளிலும் உள்ளே ஆள் இருந்திருக்கிறார், மாற்றுவழி தேடிக்கொண்டு. ஜான்சனின் இரவேதான்.

அப்புறம் சைகை மொழி. பிறவியிலேயே காது கேளாத, சைகையில் பேசுபவர்களை பெல்லுகி என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார்கள். இடது பாதி சேதமானவர்களின் சைகை உடைந்திருந்தது. வலது பாதி சேதமானவர்களுக்குப் படம் வரைவது, இடத்தைக் கணிப்பது கெட்டிருந்தது, சைகை இலக்கணமோ பெரும்பாலும் தப்பியது. ஒலியே நுழையாத தலையிலும் மொழி இடது பக்கம் சாய்கிறது என்றால், வெர்னிக்கேவின் "ஒலிப்படங்கள்" அதற்குப் போதாது.

கடைசியாக ஒன்று. 2023இல் ஸ்டான்ஃபோர்டில், நரம்புநோயால் பேச்சு போன ஒரு பெண்ணின் மூளையில் மின்முனைகளைப் பதித்து, அவர் சொல்ல முயல்வதை நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தில் எழுத்தாக்கினார்கள். பாதி மின்முனைகள் வாயை அசைக்கும் பகுதியில், பாதி புரோக்கா பகுதியில். வேலை செய்தது முதல் பாதி. புரோக்கா பகுதியில் வைத்தவற்றிலிருந்து பேச்சைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இடம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. "பேசுற இடம்" என்ற பெயர்ப்பலகை அங்கே பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சிப் பெண் பெரியப்பாவைப் பாட வைத்தார். இடது கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே, "தண்ணி வேணும்" என்பதை மேலும் கீழுமாக இரண்டே சுரத்தில். இந்த முறை 1973இல் எழுதப்பட்டது. பாட்டு தப்பிப் பிழைக்கிறது என்ற பழைய கவனிப்பின் மேல் கட்டியது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. பெரியப்பாவுக்குப் பாதி பலித்தது. "தண்ணி" ராகத்தோடு வரும், "வேணும்" சில நாள் வராது. முதலில் பாடவே வெட்கப்பட்டார், வாழ்நாளில் குளியலறையில்கூடப் பாடாதவர்.

ஏழெட்டு மாதம் கழித்து மருத்துவக் கோப்பை ஒழுங்குபடுத்தும்போது அந்தச் சீட்டு கிடைத்தது. அவரிடம் நீட்டி, "இதான் உங்க மூளையாம் பெரியப்பா" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் வட்டங்களை விளக்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். என் சட்டைப்பையிலிருந்த பேனாவை இடது கையால் உருவி, சீட்டைத் தொடைமேல் வைத்து, நடுங்கி நடுங்கி அந்த நீண்ட மூக்கை அடித்துவிட்டு, பக்கத்தில் அளவாக ஒரு மூக்கு போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ம்?" என்றார்.